லிங்க் போட்டால் போதுமா, அக்கா?

லினக்ஸ் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே சங்கதியைத்தான் கேட்கின்றன. பொறியியல் மென்பொருளை லினக்ஸில் நிறுவினேன், ஏதோ ஒரு லைப்ரரி (நிரல் துணைக்குக் கூப்பிடும் கோப்பு) இல்லை என்கிறது, என்ன செய்ய? ஆகவே பக்கம் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். இருபது வருஷம் ஒரு கணினி ஆய்வகத்தைக் கட்டி மேய்த்தவள் நான். அந்தப் பிழைச்செய்தியைப் பார்த்த அளவுக்கு என் சொந்தக்காரர்களைப் பார்த்திருக்க மாட்டேன்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் வழக்கம்போலத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில் அடியுங்கள்.

கேள்வி: என்னிடம் இருக்கும் பயிற்சிப் பலகையில் சைக்ளோன் 2 சிப். அதற்காகக் குவார்ட்டஸ் 2 மென்பொருளின் 13.0 எஸ்பி1 பதிப்பை உபுண்டு 22.04-ல் நிறுவினேன். 64 பிட் முறையில் திறந்தால் லிப்பிஎன்ஜி12.எஸ்ஓ.0 இல்லை என்கிறது. மெஷினில் லிப்பிஎன்ஜி16 இருக்கிறது. நண்பன் சொன்னபடி, 16-ஐக் காட்டும் ஒரு லிங்க் (இன்னொரு கோப்பைச் சுட்டும் வெறும் பெயர்) போட்டு அதற்கு 12 என்று பெயர் வைத்தேன். இப்போது ‘பிஎன்ஜி12_0 என்ற வெர்ஷன் இல்லை’ என்று வேறு செய்தி வருகிறது. லிங்க் போட்டால் போதும் என்றானே அக்கா? – மின்னணுவியல் மாணவர்

பதில்: தம்பி, புதிய பதிப்புக்கு மாறுங்கள் என்று சொல்லித் தப்பிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் சைக்ளோன் 2 சிப்பை ஆதரித்த கடைசிப் பதிப்பே நீங்கள் வைத்திருப்பதுதான். எனவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தக் கோப்பின் பெயரை நிதானமாகப் படியுங்கள். முதலில் ‘லிப்’, அது லைப்ரரி. நடுவில் பெயர். அப்புறம் ‘எஸ்ஓ’, அதாவது பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் வகை. கடைசியில் ஓர் எண். அந்த எண்தான் நிரலுக்கும் லைப்ரரிக்கும் நடுவே உள்ள ஒப்பந்தம். எண் மாறாதவரை லைப்ரரி உள்ளுக்குள் எத்தனை திருத்தம் கண்டாலும் பழைய நிரல் ஓடும். பழைய நிரலுக்கு ஒத்துவராத மாற்றம் வந்தால் எண்ணை மாற்றிவிடுவார்கள். பிஎன்ஜி லைப்ரரியில் இந்த ஒப்பந்தம் 12, 16 என்று பெயரோடே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1.2 பதிப்பின் காலத்தில் (உங்கள் 12 அதுதான்) நிரல்கள் அந்த லைப்ரரியின் உள் அமைப்பில் நேரடியாகக் கைவிட்டு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். 1.5 பதிப்பிலிருந்து அதை மூடிவிட்டார்கள். மேசை இழுப்பறையைத் தானே திறந்து ஃபைலை எடுத்துப் பழகிய ஊழியரை, இழுப்பறையே இல்லாத கவுன்ட்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆகும்? உங்கள் லிங்க் அதைத்தான் செய்தது. வாசலில் பெயர்ப்பலகையை மாற்றினீர்கள். உள்ளே குத்தியிருக்கும் முத்திரை பிஎன்ஜி16 என்றே இருக்கிறது. நிரலையும் லைப்ரரியையும் நினைவகத்தில் ஏற்றிவிடும் லோடர், பலகையைப் பார்த்து உள்ளே போய், முத்திரையைப் பார்த்துத் திரும்பி வந்துவிட்டது. ஒருவிதத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம். முத்திரை இல்லாத லைப்ரரியாக இருந்திருந்தால் நிரல் திறந்திருக்கும், நீங்களும் நண்பனுக்கு நன்றி சொல்லியிருப்பீர்கள். ஒரு மணி நேரம் வேலை பார்த்த பிறகு சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொண்டிருக்கும்.

சரி, செய்ய வேண்டியது இது. முதலில் அந்த லிங்கை அழியுங்கள். உபுண்டு 16.04-ன் பழைய கிடங்கில் லிப்பிஎன்ஜி12-0 என்ற பேக்கேஜ் இருக்கிறது; உபுண்டுவின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். இறக்கியதும் கை பரபரக்கும். நிறுவாதீர்கள். அந்தப் பேக்கேஜ் ஒரு கோப்பை /லிப்-இலும் அதற்கான லிங்கை /யுஎஸ்ஆர்/லிப்-இலும் வைக்கப் பார்க்கும். இன்றைய உபுண்டுவில் /லிப் என்பதே /யுஎஸ்ஆர்/லிப்-ஐக் காட்டும் லிங்க். இரண்டும் ஒரே இடத்தில் போய் முட்டிக்கொண்டு நிறுவல் பாதியில் நிற்கும். அதனால் பேக்கேஜ்களைக் கையாளும் டிபிகேஜி கட்டளையோடு ‘-எக்ஸ்’ சேர்த்து, பேக்கேஜைத் தனி ஃபோல்டரில் பிரித்து மட்டும் வையுங்கள். உள்ளே லிப்பிஎன்ஜி12.எஸ்ஓ.0.54.0 என்று அசல் கோப்பு கிடைக்கும். அதை லிப்பிஎன்ஜி12.எஸ்ஓ.0 என்ற பெயரில் குவார்ட்டஸின் லினக்ஸ்64 ஃபோல்டருக்குள் காப்பி செய்யுங்கள். மென்பொருள் கிளம்பும்போது தன் வீட்டுக்குள்தான் முதலில் தேடும். கணினியின் பொது ஃபோல்டர்களில் ஒரு தூசியும் படாது.

இது முடிந்ததும் வேறொரு பெயர் இல்லை என்று வரும். பதறாதீர்கள். முதல் பெயர் கிடைக்காத இடத்திலேயே லோடர் நின்றுவிடுகிறது. பின்னால் வரிசையில் எத்தனை பேர் என்று அது சொல்வதில்லை. ஒவ்வொன்றாகத் துரத்தினால் ஒரு நாள் முழுக்கப் போகும். மொத்தப் பட்டியலையும் ஒரே தடவையில் கேட்க எல்டிடி என்ற மூன்றெழுத்துக் கட்டளை இருக்கிறது. எல்டிடி, ஓர் இடைவெளி, நிரலின் முழு முகவரி. பதிலாக வரிசையாக வரிகள் கொட்டும். ஒவ்வொன்றிலும் இடப்பக்கம் லைப்ரரியின் பெயர், நடுவில் ஓர் அம்புக்குறி, வலப்பக்கம் அது கிடைத்த இடம். கிடைக்காதவற்றுக்கு வலப்பக்கம் ‘நாட் ஃபவுண்ட்’. இப்படி:

லிப்எஸ்எம்.எஸ்ஓ.6 => நாட் ஃபவுண்ட்
லிப்எக்ஸ்எஃப்டி.எஸ்ஓ.2 => நாட் ஃபவுண்ட்

இதில் ஒரு பொறி உண்டு. நீங்கள் கிளிக் செய்யும் கோப்பு பெரும்பாலும் அசல் நிரலாக இருக்காது; அதை எழுப்பிவிடும் ஷெல் ஸ்கிரிப்டாக இருக்கும். அதன்மேல் எல்டிடி-யை ஏவினால் ‘நாட் எ டைனமிக் எக்சிகியூட்டபிள்’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். முதலில் ஃபைல் என்ற கட்டளையைக் கொண்டு அது ஸ்கிரிப்டா, இஎல்எஃப் (லினக்ஸ் நேரடியாக ஓட்டும்) வகை நிரலா என்று பாருங்கள். ஸ்கிரிப்ட் என்றால் திறந்து படித்து, அது கடைசியில் எதைக் கூப்பிடுகிறது என்று தேடிப் பிடியுங்கள். இன்னொன்று: நம்பிக்கை இல்லாத இடத்திலிருந்து வந்த நிரல்மேல் எல்டிடி வேண்டாம். சில நேரங்களில் அது நிரலையே ஓட்டிப் பார்த்துவிடும். அப்ஜெக்ட்டம்ப் ‘-பி’ கொடுத்து அதில் ‘நீடட்’ வரிகளைப் பார்த்தால் போதும்.

பட்டியல் கையில் வந்ததும் பேக்கேஜ் பெயர் வேண்டும். டெபியன், உபுண்டு வகையில் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்குங்கள், எஸ்ஓ-வைத் தூக்குங்கள், எண்ணை ஒட்டுங்கள். லிப்எஸ்எம்.எஸ்ஓ.6 என்றால் லிப்எஸ்எம்6. லிப்எக்ஸ்எஃப்டி.எஸ்ஓ.2 என்றால் லிப்எக்ஸ்எஃப்டி2. பெயரே எண்ணில் முடிந்தால் நடுவில் ஒரு சிறு கோடு, உங்கள் லிப்பிஎன்ஜி12-0 போல. ஊகம் பலிக்கவில்லை என்றால் ஆப்ட்-ஃபைல் என்ற கருவியை நிறுவி, அதை ஒருமுறை அப்டேட் செய்துவிட்டு, கோப்புப் பெயரைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். ஃபெடோரா, ரெட்ஹாட் குடும்பத்தில் டிஎன்எஃப் புரொவைட்ஸ் அதே வேலையைச் செய்யும். ‘டெவ்’ என்று முடியும் பேக்கேஜ்களை அள்ளிப் போடாதீர்கள். அவை நிரல் எழுதித் தொகுப்பவர்களுக்கு.

கேள்வி: உரிமம் வழங்கும் சர்வர் நிரலை ஓட்டினால் ‘அப்படி ஒரு கோப்போ ஃபோல்டரோ இல்லை’ என்கிறது. எல்எஸ் கொடுத்தால் கோப்பு கண்ணெதிரே இருக்கிறது. ஓட்டும் அனுமதியும் கொடுத்துவிட்டேன். எனக்குப் பைத்தியமா, மெஷினுக்கா? – வடிவமைப்புப் பிரிவில் வேலை பார்ப்பவர்

பதில்: இருவருக்கும் இல்லை. செய்தியை எழுதியவர்களைத்தான் கேட்க வேண்டும். இல்லை என்று அது சொல்வது உங்கள் நிரலை அல்ல, நிரலை நினைவகத்தில் ஏற்றிவிட வேண்டிய லோடரை. ஒவ்வொரு நிரலுக்குள்ளும் ‘என்னை ஏற்ற இன்ன லோடரைக் கூப்பிடு’ என்று ஒரு முகவரி எழுதியிருக்கும். அந்த முகவரியில் யாரும் இல்லாவிட்டால் லினக்ஸின் மையமான கெர்னல் மொட்டையாக ‘இல்லை’ என்று மட்டும் சொல்லும். எது இல்லை என்று சொல்லாது.

ரீட்எல்ஃப் ‘-எல்’ என்று கொடுத்து, ‘ரிக்வெஸ்டிங் புரோகிராம் இன்டர்பிரட்டர்’ என்ற வரியைத் தேடுங்கள். உரிம சர்வர் என்கிறீர்கள், அதனால் அங்கே /லிப்64/எல்டி-எல்எஸ்பி-எக்ஸ்86-64.எஸ்ஓ.3 என்று இருக்கும் என்று பந்தயமே கட்டுவேன். எல்லா லினக்ஸுக்கும் பொதுவாக ஒரு தரம் வேண்டும் என்று எல்எஸ்பி என்ற ஏற்பாடு ஒருகாலத்தில் இருந்தது. அந்தத் தரத்தை நம்பித் தொகுத்த நிரல்கள் இந்த முகவரியைச் சுமந்துகொண்டு திரிகின்றன. டெபியன் 2015-லேயே அதைக் கைவிட்டது. உபுண்டுவில் எல்எஸ்பி-கோர் பேக்கேஜ் இன்னும் கொஞ்ச காலம் ஓடி, 24.04-ல் அதுவும் இல்லாமல் போனது.

இங்கே மட்டும், மேலே இருக்கும் தம்பி பொறாமைப்பட்டாலும் பரவாயில்லை, லிங்க் போடலாம். எல்எஸ்பி லோடர் என்பது தனிப் பிறவி அல்ல. எல்எஸ்பி-கோர் பேக்கேஜ் இருந்த காலத்திலும் அது வழக்கமான லோடரைக் காட்டும் லிங்க்தான். அதே /லிப்64 ஃபோல்டரில் எல்டி-லினக்ஸ்-எக்ஸ்86-64.எஸ்ஓ.2 இருக்கும். அதைக் காட்டி, அந்த எல்எஸ்பி பெயரில் எல்என் ‘-எஸ்’ போட்டுவிடுங்கள். நிரல் எழுந்துகொள்ளும்.

ரீட்எல்ஃப் காட்டும் முகவரி /லிப்/எல்டி-லினக்ஸ்.எஸ்ஓ.2 என்றால் கதை வேறு. உங்கள் நிரல் 32 பிட், மெஷின் 64 பிட். மாடல்சிம் என்ற சிமுலேட்டரின் பழைய இலவசப் பதிப்புகளில் இதைப் பார்க்கலாம். உபுண்டுவில் டிபிகேஜி-யிடம் ‘--ஆட்-ஆர்க்கிடெக்சர் ஐ386’ என்று சொல்லி, ஆப்ட் அப்டேட் கொடுத்து, லிப்சி6, லிப்எக்ஸ்எஃப்டி2, லிப்எக்ஸ்எக்ஸ்ட்6, லிப்என்கர்சஸ்5 (இது 22.04 வரைதான்) என ஒவ்வொன்றையும் பின்னால் ‘:ஐ386’ ஒட்டி நிறுவுங்கள். அந்த வால் இல்லாமல் நிறுவினால் 64 பிட் லைப்ரரி வந்து உட்கார்ந்துகொள்ளும். உங்கள் நிரலுக்கு அது உதவாது.

கேள்வி: விவாடோ (எஃப்பிஜிஏ, அதாவது உள்சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்புகளுக்கான மென்பொருள்) நிறுவும்போது கடைசிக் கட்டத்தில், நிறுவிய சாதனங்களின் பட்டியலைத் தயாரிக்கிறேன் என்ற வரியிலேயே நிற்கிறது. இரவெல்லாம் விட்டுப் பார்த்தேன். உபுண்டு 24.04. – எஃப்பிஜிஏ கற்றுக்கொள்ளும் வாசகி

பதில்: காலைவரை காத்திருந்த உங்கள் பொறுமைக்கு ஒரு வணக்கம். அது வருஷக்கணக்கில் விட்டாலும் நகராது. அந்தக் கட்டத்தில் நிறுவி பின்னணியில் விவாடோவையே ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறது. அதற்கு லிப்டின்ஃபோ.எஸ்ஓ.5 வேண்டும். கிடைக்காத செய்தி உங்கள் திரைக்கு வராமல் நடுவிலேயே புதைந்துபோகிறது.

உபுண்டு 22.04 வரை லிப்டின்ஃபோ5, லிப்என்கர்சஸ்5 என்று ஆப்ட்டில் கேட்டால் வந்துவிடும். 24.04-ல் அவற்றை எடுத்துவிட்டார்கள். 22.04-ன் கிடங்கிலிருந்து அந்த இரண்டு டெப் கோப்புகளையும் இறக்கி, ‘ஆப்ட் இன்ஸ்டால்’ என்று அடித்து, கோப்பின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் மறக்காமல் போட்டு நிறுவுங்கள். அந்தப் புள்ளியும் சாய்கோடும் இல்லாவிட்டால் ஆப்ட் அதை இணையக் கிடங்கில் தேடிவிட்டு, அப்படி எதுவும் இல்லை என்று கையை விரிக்கும். சுலபமாக இருக்கிறதே என்று 22.04-ன் கிடங்கையே மொத்தமாகப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். அடுத்த அப்கிரேடில் எந்தப் பேக்கேஜ் எந்தக் காலத்திலிருந்து வந்தது என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

இந்த 5 நிரலின் பதிப்பு எண் அல்ல, நான் மேலே சொன்ன ஒப்பந்த எண். அந்த லிப்டின்ஃபோ5 பேக்கேஜின் பதிப்பைப் பாருங்கள், 6.3 என்று இருக்கும். புதிய மூலநிரலையே பழைய ஒப்பந்தத்துக்கு ஏற்றபடி தொகுத்துக் கொடுத்திருக்கிறார்கள். டின்ஃபோ 6-க்கு 5 என்று பெயர் வைத்து லிங்க் போட்டும் பலர் ஓட்டுகிறார்கள். ஓடவும் செய்கிறது, ‘வெர்ஷன் தகவல் இல்லை’ என்று ஒரு முணுமுணுப்போடு. நான் போட மாட்டேன். சரியான லைப்ரரி இரண்டு நிமிஷத்தில் கிடைக்கும்போது எதற்கு அந்த முணுமுணுப்பு? அதே நிறுவனத்தின் விட்டிஸ் மென்பொருளையும் சேர்த்து நிறுவுகிறவர்கள் அதன் ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டருக்குள் இன்ஸ்டால்லிப்ஸ் என்ற கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தேவையான லைப்ரரிகளை வரவழைக்கத் தயாரிப்பாளரே எழுதி வைத்தது.

கேள்வி: ‘ஜிலிப்சி_2.34 இல்லை’ என்கிறது என் புதிய சிமுலேஷன் மென்பொருள். எங்கள் சர்வரில் ரெட்ஹாட் 8. ஜிலிப்சி-யை மட்டும் புதிதாகத் தொகுத்துப் பழையதன்மேல் வைத்துவிடலாமா? – ஆய்வு மாணவர்

பதில்: கையை எடுங்கள். கீபோர்டை விட்டு ஓரடி தள்ளி உட்கார்ந்துகொண்டு இதைப் படியுங்கள்.

ஜிலிப்சி ஏதோ ஒரு லைப்ரரி அல்ல. எல்எஸ், சிபி, எம்வி, சூடோ, நீங்கள் உள்ளே நுழையும் எஸ்எஸ்ஹெச், எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன. பல வருஷம் முன்பு நான் அதைச் செய்தேன். ஒரு சிமுலேட்டருக்காக, புதிய லிப்சி.எஸ்ஓ.6 கோப்பை எம்வி கொடுத்துப் பழையதன் இடத்தில் வைத்தேன். பிராம்ப்ட் திரும்பி வந்தது. எல்எஸ் அடித்தேன், பிழை. பழையதைத் திரும்ப வைக்கலாம் என்று சிபி அடித்தேன், அதே பிழை. இன்னொரு மெஷினிலிருந்து உள்ளே வரலாம் என்று போனால் எஸ்எஸ்ஹெச் வாசலிலேயே நிறுத்திவிட்டது. உயிரோடு இருந்தது ஏற்கெனவே நினைவகத்தில் ஏறியிருந்த, டெர்மினலில் நம் கட்டளைகளை வாங்கும் பாஷ் ஒன்றுதான். அதுவும் தனக்குள்ளேயே இருக்கும் கட்டளைகளை மட்டும் கேட்கும். ‘எக்கோ *’ என்று அடித்து ஃபோல்டரில் இருக்கும் கோப்புப் பெயர்களைப் பார்த்தேன். பார்க்கலாம், தொட முடியாது. நான் எடுத்து வைத்திருந்த பழைய கோப்பின் நகல் அங்கேயே இருந்தது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சாவி இருப்பதுபோல. இந்த மாதிரி நாளுக்கென்றே சில லினக்ஸ் வகைகளில் எஸ்எல்என் என்று ஒரு கட்டளை இருக்கிறது. எந்த லைப்ரரியையும் நம்பாமல் தனியே நின்று லிங்க் போடத் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு அதைப் பற்றித் தெரியாது. யுஎஸ்பி-யிலிருந்து வேறொரு லினக்ஸை எழுப்பி, டிஸ்க்கை மவுண்ட் செய்து, பழைய கோப்பைத் திரும்ப வைத்தபோது இரவு பதினொன்று.

இப்போது உங்கள் கணக்கு. ரெட்ஹாட் 7-ல் ஜிலிப்சி 2.17, 8-ல் 2.28, 9-ல் 2.34. உபுண்டு 20.04-ல் 2.31, 22.04-ல் 2.35. பழைய ஜிலிப்சி-க்குத் தொகுத்த நிரல் புதியதில் ஓடும்; புதியதற்குத் தொகுத்தது பழையதில் ஓடாது. ஆகவே உங்கள் மென்பொருள் ரெட்ஹாட் 9-ஐ மனத்தில் வைத்துத் தொகுத்தது என்று அந்த எண்ணே சொல்லிவிட்டது. அதற்கு 9 வேண்டும். சர்வரை மாற்ற முடியாது என்றால் சர்வருக்குள் ஒரு 9-ஐ வையுங்கள். பாட்மேன் (ஒரு லினக்ஸுக்குள் இன்னொன்றைப் பெட்டியாக வைத்து ஓட்டும் கருவி) இருந்தால் அதன்மேல் டிஸ்ட்ரோபாக்ஸ் போட்டு, ரெட்ஹாட் 9-ஐ ஒத்த ராக்கி லினக்ஸ் 9 இமேஜில் ஒரு பெட்டி உருவாக்குங்கள். உள்ளே நுழைந்தால் உங்கள் ஹோம் ஃபோல்டர் அப்படியே இருக்கும், ஜன்னல்களும் உங்கள் திரையிலேயே திறக்கும், ஜிலிப்சி மட்டும் 2.34. அங்கே மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். பெட்டி கெட்டால் தூக்கிப்போட்டுவிட்டு இன்னொன்று செய்துகொள்ளலாம். என் அந்த இரவு உங்களுக்கு வராது.

பலகையை யுஎஸ்பி கேபிளில் இணைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: செருகிய சாதனத்தை யார் தொடலாம் என்று சொல்லும் யூடெவ் விதிகளைப் பெட்டிக்குள் வைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். வெளியே, அசல் மெஷினில்தான் வைக்க வேண்டும்.

கேள்வி: எல்டி_லைப்ரரி_பாத் என்ற மாறியில் மென்பொருளின் ஃபோல்டரைச் சேர்த்து, டெர்மினல் திறக்கும்போதெல்லாம் ஓடும் பாஷ்ஆர்சி கோப்பில் எழுதினேன். மென்பொருள் ஓடுகிறது. ஆனால் கிட் (நிரல்களின் பதிப்புகளைப் பராமரிக்கும் கருவி) வேலை செய்யவில்லை, இன்னும் சிலதும் தகராறு. – பெயர் வேண்டாம் என்றவர்

பதில்: பெயர் போடாதது நல்லதுதான், இதைச் செய்யாதவர் யாரும் இல்லை. அந்த மாறி, அந்த டெர்மினலிலிருந்து கிளம்பும் எல்லா நிரல்களுக்கும் ‘முதலில் இங்கே தேடு’ என்று உத்தரவு போடுகிறது. உங்கள் மென்பொருள் தன்னோடு கொண்டுவந்த, இணையத்தோடு பேச உதவும் பழைய எஸ்எஸ்எல், கர்ல் லைப்ரரிகளை இப்போது கிட்டும் எடுத்துக்கொள்கிறது. பாஷ்ஆர்சி-யிலிருந்து அந்த வரியை நீக்குங்கள். இரண்டு வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, முதல் வரியில் மாறியை வைத்து, இரண்டாம் வரியில் மென்பொருளைக் கூப்பிடுங்கள். உத்தரவு அந்த ஒரு வீட்டோடு முடிந்துவிடும்.

மாறியின் கடைசியில் வெறும் முக்காற்புள்ளி தொங்கினாலோ, நடுவில் இரண்டு அடுத்தடுத்து வந்தாலோ, ‘இப்போது நிற்கும் ஃபோல்டரிலும் தேடு’ என்று அர்த்தமாகிவிடும். யாரோ கொடுத்த ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு நிரலை ஓட்டும் நாளில் அது வில்லங்கம். சூடோ போட்டால் இந்த மாறி போய்ச் சேராது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

கேள்வி: மாட்லாபில் முப்பரிமாண வரைபடத்தைச் சுழற்றினால் நத்தை வேகம். டெர்மினலில் ‘ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_3.4.30 இல்லை’ என்று வருகிறது. என் உபுண்டு 22.04-ல் அது இருக்கிறதே? – கட்டுப்பாட்டுப் பொறியாளர்

பதில்: கணினியில் இருக்கிறது. மாட்லாப் தன் கைப்பையில் கொண்டுவந்த, சி++ நிரல்களுக்கான லிப்எஸ்டிடிசி++ லைப்ரரியில் இல்லை. உங்கள் கிராஃபிக்ஸ் டிரைவர் புதியதைக் கேட்கிறது, கைப்பையில் இருப்பது பழையது. டிரைவர் ஏறாததால் வரைபடம் முழுக்கப் பிராசசர் தலையில் விழுகிறது. மாட்லாபின் சிஸ்/ஓஎஸ்/ஜிஎல்என்எக்ஸ்ஏ64 ஃபோல்டருக்குள் போய் அந்தக் கோப்புக்கு வேறு பெயர் வையுங்கள், அழிக்க வேண்டாம். கைப்பையில் இல்லாததைக் கணினியில் தேடி எடுத்துக்கொள்ளும். டெபியன், உபுண்டுவில் மாட்லாப்-சப்போர்ட் என்ற பேக்கேஜ் கேள்வி கேட்டு இதையே செய்து தருகிறது.

கேள்வி: எல்டிடி-யில் எல்லாம் சரி. ஆனாலும் ‘எக்ஸ்சிபி பிளாட்ஃபார்ம் பிளகினை ஏற்ற முடியவில்லை’ என்று மூடிக்கொள்கிறது. – வாசகர்

பதில்: க்யூட்டி என்ற, ஜன்னல்களை வரையும் லைப்ரரியை வைத்து எழுதிய மென்பொருள். பிளகின்களை (இடையில் செருகிக்கொள்ளும் துணைக் கோப்புகளை) அது ஓட ஆரம்பித்த பிறகுதான் தேடி எடுக்கிறது. அதனால் எல்டிடி-க்கு அவை தெரியாது. பிளகின் கோப்பின்மேலேயே எல்டிடி-யை ஏவுங்கள், அல்லது க்யூட்டி_டிபக்_பிளகின்ஸ்=1 என்று வைத்து ஓட்டுங்கள். க்யூட்டி 6.5 அல்லது அதற்குப் பிந்தையதென்றால் லிப்எக்ஸ்சிபி-கர்சர்0 நிறுவினாலே பெரும்பாலும் தீர்ந்தது.

கேள்வி: நேற்றுவரை ஓடிய மென்பொருள், சிஸ்டத்தை அப்டேட் செய்ததும் ‘எக்சிகியூட்டபிள் ஸ்டாக்கை இயக்க முடியவில்லை’ என்று ஒரு லைப்ரரியைக் காட்டி நிற்கிறது. லைப்ரரி இருக்கிறது! – வாசகர்

பதில்: 2025 ஜனவரியில் வந்த ஜிலிப்சி 2.41, ஸ்டாக்கில் (நிரலின் தற்காலிக நினைவிடத்தில்) வைத்தே கட்டளைகளை ஓட்ட அனுமதி கேட்கும் லைப்ரரிகளை ஓடும் நிரலுக்குள் நடுவில் ஏற்ற மறுக்கிறது. பாதுகாப்புக்காகத்தான். பல பழைய லைப்ரரிகள் அந்த அனுமதி கேட்கும் கொடியைத் தேவையில்லாமலே ஏந்தியிருக்கின்றன. ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, பேட்ச்எல்ஃப் கருவியில் ‘--கிளியர்-எக்செக்ஸ்டாக்’ கொடுத்துக் கொடியை இறக்குங்கள். மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்திருந்தால் அதுவே மேல்.

கேள்வி: உபுண்டு 24.04-ல் லிப்அசவுண்ட்2 கேட்டால் நிறுவ எதுவும் இல்லை என்கிறது. லிப்ஏஐஓ-வை நிறுவினேன், ஆனாலும் லிப்ஏஐஓ.எஸ்ஓ.1 இல்லை என்று தரவுத்தளத்தோடு பேசும் எங்கள் மென்பொருள் அழுகிறது. – வாசகி

பதில்: 2038-ல் 32 பிட் நேரக் கணக்கு தீர்ந்துபோகிறது. அதற்கு முன்னேற்பாடாக 24.04-ல் ஏராளமான பேக்கேஜ்களுக்குப் பின்னால் ‘டி64’ என்று ஒரு வால் ஒட்டினார்கள். முதலாவதற்கு லிப்அசவுண்ட்2டி64 என்று கேளுங்கள், வந்துவிடும். உள்ளே கோப்பின் பெயர் பழையபடியே இருக்கும். ஆனால் லிப்ஏஐஓ-வில் வால் கோப்புப் பெயருக்கும் போய்விட்டது: லிப்ஏஐஓ.எஸ்ஓ.1டி64. உங்களுடையது 64 பிட் மெஷின் என்று எடுத்துக்கொள்கிறேன். அதில் நேரக் கணக்கு ஆதியிலிருந்தே 64 பிட், ஆகவே உள்ளே ஒப்பந்தம் எதுவும் மாறவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது. எல்என் ‘-எஸ்’ போட்டுக்கொள்ளுங்கள்.